பூனையை ஏய்க்கும் பல்லியும் மூஞ்சூறும்: வீட்டிலேயே ஒரு குட்டிக் கார்ட்டூன் செய்ய முழுமையான வழிகாட்டி

போன பள்ளி விடுமுறையில், பினாங்கு லெபோ குயினில் ஒரு கடைவீட்டின் மாடி அறையில் எங்கள் வட்டாரப் பிள்ளைகள் ஒன்பது பேரை உட்கார வைத்து ஒரு கார்ட்டூன் செய்தோம். ஒரு எலி, ஒரு மைனா, ஒரு பூனை. எலியும் மைனாவும் கூட்டாளியாகிப் பூனையை ஓட ஓட விரட்டும், அவ்வளவுதான் கதை. மொத்தம் 2 நிமிடம். சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி அதில் போட்டுக் காட்டினோம். முதல் அரை நிமிடம் எல்லாரும் சிரித்தார்கள், அப்புறம் ஒருவன் முறுக்கு டின்னைத் தேட ஆரம்பித்தான், இன்னொருத்தி பக்கத்தில் இருந்தவள் தலையைப் பின்னத் தொடங்கினாள். படம் முடிந்ததும் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் சொன்னான்: "அண்ணே, அந்தப் பூனை ரொம்ப மக்குலா. அதை யாரு வேணும்னாலும் ஏமாத்தலாம். அப்புறம் அதுங்களுக்கு எதுக்குக் கூட்டாளி?"

நான் ஒரு வாரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பையன் சொன்னது சரி. தனியாளாகச் சமாளிக்க முடிகிற பூனை என்றால் கூட்டாளி தேவையே இல்லை, தேவையில்லாத கூட்டாளியைப் படத்தில் வைத்தால் அது வெறும் அலங்காரம். அதனால் இரண்டாவது முறை எல்லாவற்றையும் தலைகீழாக்கிச் செய்தோம். அந்த இரண்டாவது முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். வரையத் தெரியாதவர்களும் செய்யலாம், எனக்கே நேராக ஒரு கோடு வராது.

படி 1: ஒரு சாயங்காலம் பழைய படங்களைச் சத்தமில்லாமல் பாருங்கள்

பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பழைய பூனை எலிப் படங்கள் நாலைந்தைப் போடுங்கள், ஆனால் ஒலியை அடைத்துவிடுங்கள். ஒலி இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். இல்லாவிட்டால்தான் யார் யாரைப் பார்க்கிறார்கள், எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பது கண்ணில் படும்.

டாம் அண்ட் ஜெர்ரியின் முதல் படம் 1940-இல் வந்தது. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் செய்தது, அதில் பூனையின் பெயர் டாம் கூட இல்லை, ஜாஸ்பர். அந்தப் படத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இன்னொரு பொருளை உடைத்தால் வீட்டைவிட்டுத் துரத்திவிடுவேன் என்று வீட்டு வேலைக்காரி பூனையை மிரட்டுகிறாள், அது எலியின் காதில் விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எலிக்குப் பலம் வேண்டியதில்லை, ஒரு கண்ணாடிக் கிளாஸைத் தூக்கிப் பிடித்தால் போதும், பூனை கதிகலங்கி நிற்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், படி 4-இல் வேண்டியிருக்கும்.

அப்புறம் அதே தொடரில் 1946-இல் வந்த ஒரு குட்டி எலியைப் பாருங்கள். வாசலில் விட்டுவிட்டுப் போன குழந்தை, எந்நேரமும் பசி, நேராகப் பூனையின் பால் கிண்ணத்துக்கே போய் நிற்கும். 1950-இல் ஒரு வாத்துக்குஞ்சு வருகிறது, பூனை திருடிவந்த முட்டையிலிருந்து பொரிந்தது. இரண்டிலும் புதிதாக வருகிற கூட்டாளியால் முதலில் தொல்லைதான். அதைக் காப்பாற்றப் போய் ஜெர்ரியின் வேலை இரட்டிப்பாகிறது. எங்கள் முதல் படத்தில் மைனா வந்த உடனே உதவி செய்தது, அங்கேதான் சறுக்கினோம்.

நம் நாட்டுப் படம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசுத் திரைப்பட நிறுவனமான ஃபிலெம் நெகாரா மலேசியாவுக்காக ஆனந்தம் சேவியர் இயக்கிய சருகுமான் கதை, 'ஹிகாயாட் சாங் கஞ்சில்', 1983-இல் தொலைக்காட்சியில் வந்தது. மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். சின்னது பெரியதை ஏய்ப்பது இந்த மண்ணில் புதுசு இல்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும், இயக்குநர் பெயரைச் சொன்னதும் எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

படி 2: பூனையை முதலில் செய்யுங்கள்

எல்லாரும் எலியில் ஆரம்பிப்பார்கள். வேண்டாம். பூனை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருக்கிறதோ அவ்வளவுதான் உங்கள் படம் ஓடும்.

பூனை என்றால் பல்லைக் காட்டிக்கொண்டே திரியும் ரவுடி என்று நினைக்காதீர்கள். மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள், அர்ச்சுனன் தபசு என்பார்கள், 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. அதில் ஒரு மூலையில் பூனை ஒன்று இரண்டு காலில் நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது, அதன் காலடியில் எலிகள் நம்பிக்கையோடு கூடியிருக்கின்றன. என்னைக் கேட்டால் அதைவிட நல்ல கார்ட்டூன் பூனை இன்னும் பிறக்கவில்லை. பொறுமை, நடிப்பு, வஞ்சகம் மூன்றும் ஒரே உருவத்தில்.

எங்கள் பூனைக்குத் தவுக்கே என்று பெயர் வைத்தோம். ஜார்ஜ்டவுன் கடைகளில் அரிசி மூட்டைமேல் கால் நீட்டிப் படுத்திருக்குமே, முதலாளியே தான்தான் என்கிற மாதிரி, அந்த வகை. நம்மூர்ப் பூனைகள் பலவற்றுக்கு வால் முழுசாக இருக்காது, குட்டையாகவோ நுனியில் மடங்கி முடிச்சுப் போட்ட மாதிரியோ இருக்கும். அந்த மடங்கிய வாலை அப்படியே வரையுங்கள். உருவத்தை முழுக்கக் கறுப்பாக்கிப் பார்த்தாலும் "இது தவுக்கே" என்று தெரிய வேண்டும், அதுதான் சோதனை. நீண்ட வளைந்த வாலை வரைந்தால் அது எங்கேயோ பார்த்த பூனையாகிவிடும்.

பூனைக்கு மூன்று கேள்வி எழுதிப் பதில் போடுங்கள். அதற்கு என்ன வேண்டும்? தவுக்கேவுக்குக் கருவாடு. அதற்கு எதில் பயம்? கடைப் பாட்டியின் விளக்குமாறு. எதில் தலைக்கனம்? தன்னை யாரும் கையும் களவுமாகப் பிடித்ததே இல்லை என்பதில். இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் பாதிக் கதை முடிந்தது.

படி 3: கூட்டாளிகளை அவர்களிடம் இல்லாததை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

இதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம், நீங்களும் செலவழியுங்கள், அவசரம் வேண்டாம்.

பிள்ளைகளிடம் பட்டியல் கேட்டால் அணில், மைனா, சிட்டுக்குருவி, கரப்பான்பூச்சி, ஒருத்தி ஆமை கூடச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இதனால் எது முடியாது?" என்று எழுதச் சொன்னேன். கடைசியில் நின்றவை இரண்டு: மூஞ்சூறும் பல்லியும்.

மூஞ்சூறுக்குக் கண் சரியாகத் தெரியாது. மோப்பத்தில்தான் பிழைப்பு, சுவரை ஒட்டியே ஓடும், கீச்கீச்சென்று கத்திக்கொண்டே போகும், உடம்பில் ஒரு நாற்றம். அந்த நாற்றத்தால் பூனை பிடித்தாலும் பெரும்பாலும் தின்னாது, விளையாடிவிட்டுப் போட்டுவிடும். பிள்ளையார் ஏறிப் போகிற வண்டியாயிற்றே என்று பாட்டிகள் அதை அடிக்க மாட்டார்கள். இன்னொரு விஷயம் தெரியுமா? குட்டிகள் கூட்டைவிட்டு வெளியே போகும்போது முதல் குட்டி தாயின் பின்பக்கத்தைப் பல்லால் கவ்விக்கொள்ளும், அடுத்தது அதன் பின்பக்கத்தை, இப்படி வரிசையாக ரயில் மாதிரி போகும்.

பல்லிக்குக் கண் நன்றாகத் தெரியும், சுவரிலும் விட்டத்திலும் ஓடும், ஆனால் எதையும் தூக்கவோ கடித்து அறுக்கவோ வலு இல்லை. வாலைப் பிடித்தால் வால் கழன்றுவிடும், கழன்ற வால் சில நிமிடம் தனியாகத் துள்ளும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றின் குட்டிகள் முன்னால் போவதைக் கவ்விக்கொண்டுதான் நடக்கும், இன்னொன்றின் வால் கழன்று போகும். இதை நான் சொல்லவில்லை, பதினொரு வயதுப் பெண் ஒருத்தி சொன்னாள், சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் படத்தின் மையம் அந்த நிமிடம் கிடைத்தது. இயற்கையில் இருப்பதைத் தெரிந்துகொண்டால் நகைச்சுவையை நாம் உண்டாக்க வேண்டியதில்லை, அது ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கும்.

இரண்டுக்கும் ஆரம்பத்தில் ஆகாது என்பதும் முக்கியம். மூஞ்சூறு பூச்சி தின்னும், கிடைத்தால் சின்னப் பல்லியையும் விடாது. பல்லிக்கும் அதே பூச்சிதான் சாப்பாடு. பஞ்சதந்திரத்தில் காகம் எலியிடம் போய்க் கூட்டாளியாகலாமா என்று கேட்கும்போது எலி, நீ என்னைத் தின்கிற ஜாதி, உனக்கும் எனக்கும் என்ன நட்பு என்றுதான் முதலில் கேட்கும். அந்தத் தயக்கம் இல்லாத நட்புக்குப் படத்தில் எடை இல்லை. நாங்கள் ஒரே ஒரு கரப்பான்பூச்சியை நடுவில் வைத்தோம், இரண்டும் இரண்டு பக்கமிருந்து அதன்மேல் பாயும், அதுதான் முதல் காட்சி. பெயர்கள்: மூஞ்சூறு சுண்டு, பல்லி சிச்சாக்.

மூன்றாவது கூட்டாளி வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஒன்றரை நிமிடப் படத்தில் மூன்று பேருக்கு இடமில்லை.

படி 4: ஒரு மளிகைக் கடை, ஒரு பாட்டி

இடம் தெரிந்த இடமாக இருக்கட்டும். எங்களுக்கு லெபோ பாசாரில் இருக்கிற மாதிரி ஒரு மளிகைக் கடை. கீழே கடை, மேலே வீடு, முன்னால் ஐந்தடி நடைபாதை, இரவில் பாதி இறக்கிய இரும்புக் கதவு. பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் தரையில் உட்கார வைத்தேன், பூனையின் கண் உயரத்தில் கடை எப்படித் தெரிகிறது என்று பார்க்க. மேசைக் கால், சாக்கின் அடி, வடிகால் ஓட்டை, தொங்கும் பூச்சரத்தின் நுனி. நின்று பார்த்து வரைந்தால் மனிதர்களின் கடைதான் வரும்.

இடத்தில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் பிறகு எதற்காவது பயன்பட வேண்டும், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள். எங்களிடம் கடைசியில் நின்றவை நான்கு: அரிசி மூட்டை, தூண், துணி மூடிச் சணலால் கட்டிய கருவாட்டு டின், வாசற்படி.

பாட்டிதான் பெரிய ஆயுதம். படி 1-இல் சொன்ன மிரட்டல் ஞாபகம் இருக்கிறதல்லவா? இரண்டு சின்ன உயிர்கள் ஒரு பூனையை அடித்து ஜெயிப்பது நம்பும்படி இருக்காது. ஆனால் பூனைக்கு மேலே ஒருவர் இருந்தால், அவர் சரியான நொடியில் திரும்பிப் பார்த்தால் போதும். சில்வெஸ்டர் பூனையும் மஞ்சள் குருவியும் வரும் படங்களில் குடையோடு ஒரு பாட்டி வருவதும் இதற்காகத்தான்.

நம் பாட்டியைத் திரும்ப வைப்பது எப்படி என்று யோசிக்கவே வேண்டியதில்லை. வெளியே காலை எடுத்து வைக்கும்போது பல்லி கத்தினால் எந்தப் பாட்டி போவார்? "பல்லி சொல்லுதே" என்று விரலால் எதையாவது தட்டிவிட்டு, உள்ளே வந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். ஆக, சிச்சாக் சரியான நேரத்தில் கத்தினால் பாட்டி உள்ளே வருவார். அந்த நேரத்தில் பூனையின் தலை கருவாட்டு டின்னுக்குள் இருக்க வேண்டும். டின்னின் சணலைக் கடித்து அறுக்கப் பல் வேண்டும், இருட்டில் எந்த டின் என்று கண்டுபிடிக்க மூக்கு வேண்டும், அது சுண்டுவின் வேலை. ஒருத்தர் இல்லாமல் இன்னொருத்தரால் முடியாத தந்திரம், இப்போது அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. கொதிக்கும் எண்ணெய், மின்சாரம், கண்ணில் மிளகாய்த்தூள் இதெல்லாம் பிள்ளைகள் கட்டாயம் சொல்வார்கள், மளிகைக் கடை என்றதும் முதலில் வந்தது மிளகாய்த்தூள்தான். வெட்டிவிடுங்கள். படத்தில் பூனை தட்டையாகி மறுபடி உப்பலாம், அது யாராலும் செய்து பார்க்க முடியாதது. மிளகாய்த்தூள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, தெருவில் நிஜப் பூனையும் இருக்கிறது. மாவு கொட்டலாம், அது போதுமான சிரிப்பு.

படி 5: திரும்பிப் பார்க்கும் ஒரு நொடி

நண்பர்களாகிவிட்டார்கள் என்பதை எப்படிக் காட்டுவது? முதல் படத்தில் மைனா "இனி நாம் கூட்டாளிகள்" என்று வசனம் பேசியது. நான்தான் எழுதினேன், வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது படத்தில் யாரும் பேசவில்லை.

நட்பு பிறக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: தான் தப்பித்துவிட்ட ஒருவர் திரும்பிப் பார்க்கிற இடம். பூனை பாய்கிறது, சிச்சாக் விறுவிறுவென்று சுவரில் ஏறிவிட்டது, அதற்கு இனி ஆபத்தில்லை. கீழே சுண்டு கண் தெரியாமல் தூணில் முட்டிக்கொண்டு அங்கேயே சுற்றுகிறது. பல்லி மேலே பார்க்கிறது, விட்டத்தில் விளக்கு, விளக்கைச் சுற்றி வேண்டிய மட்டும் பூச்சி. கீழே பார்க்கிறது. மறுபடி மேலே. அப்புறம் இறங்குகிறது. ஒரு சத்தம் கொடுக்கிறது, சுண்டு சத்தத்தை நோக்கி வந்து வாலைக் கவ்விக்கொள்கிறது, ரயில் கிளம்புகிறது.

இதோடு நின்றால் பல்லி நல்லது, மூஞ்சூறு சுமை என்றாகிவிடும். மற்றவரும் திரும்ப வேண்டும். தவுக்கே பாய்ந்ததில் வால் கழன்றுவிடுகிறது. வாயில் துள்ளும் வாலோடு சுண்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது, தன்னை யாரோ வழிநடத்துகிறார்கள் என்ற பூரிப்பில், முன்னால் யாருமில்லை. இது சிரிப்பு. வடிகால் ஓட்டைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, இன்னும் ஓரடி வைத்தால் பத்திரம். மூக்கை ஆட்டுகிறது, பல்லியின் வாசனை முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. வாலைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்புகிறது, பூனை இருக்கும் திசையிலேயே.

அந்தக் காட்சியை வரைந்தபோது அறையில் யாரும் பேசவில்லை.

படி 6: ஸ்டோரிபோர்டு

ஸ்டோரிபோர்டு என்றால் கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து வைப்பது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ4 தாளை எட்டாக மடித்து எட்டுக் கட்டம், குச்சி உருவம் போதும். எங்களுக்கு 34 கட்டம் வந்தது. சுவரில் வரிசையாக ஒட்டி, கதையே தெரியாத ஒருவரை அழைத்து வந்து பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. கீழ்க்கடை அக்கா வந்து பார்த்துவிட்டு 19-ஆம் கட்டத்தில் "இது என்ன புழுவா?" என்று கேட்டார். கழன்ற வால் அது. வால் கழலும் கட்டத்தை இன்னும் பெரிதாக வரைந்தோம்.

அப்புறம் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படமெடுத்து, எத்தனை நொடி வருமோ அத்தனை நொடி நிற்கிற மாதிரி ஒரு வீடியோவாகக் கோத்துவிடுங்கள். தொழிலில் இருப்பவர்கள் இதை அனிமேடிக் என்பார்கள். இதில் சிரிப்பு வராவிட்டால் முழுப் படத்திலும் வராது, இங்கேயே திருத்திவிடுங்கள்.

படி 7: வெட்டு, ஒட்டு, எடு

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாத படம். கார்ட்டூன்காரர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்து நொடிக்கு 12 படத்தோடு சமாளிப்பார்கள். 90 நொடிப் படத்துக்கு 12 வீதம் 1,080 படம். நொடிக்கு 8 என்றால் 720. பிள்ளைகளோடு செய்யும்போது நடப்பது, பார்ப்பது எல்லாம் 8-இல் எடுத்தோம், துரத்தலை மட்டும் 12-இல் எடுத்தோம். 8-இல் எடுத்ததில் ஒவ்வொரு படமும் 24-இல் மூன்று ஃபிரேம் நிற்கும், 12-இல் எடுத்தது இரண்டு. கடைசியில் எல்லாவற்றையும் 24-இல் சேர்த்துவிடலாம். ஒவ்வொன்றையும் வரைந்தால் மாளாது, அதனால் காகித உருவங்களை வெட்டி நகர்த்தி நகர்த்திப் போனில் எடுக்கும் முறைதான் நல்லது.

மணிலா அட்டை வாங்குங்கள், வெறும் தாள் நம்மூர் ஈரக் காற்றில் ஒரே நாளில் சுருண்டுவிடும். தலை, உடம்பு, கால், வால் தனித்தனியாக வெட்டி, மூட்டுகளில் புளூ-டேக் என்கிற மெத்தென்ற ஒட்டுப்பசையைச் சின்ன உருண்டையாக வைத்து ஒட்டினால் திருப்ப வசதி. பூனைக்கு நான்கு தலை செய்தோம்: சாதாரணம், பதுங்கும் தலை, அதிர்ச்சி, கருவாட்டு வாசனை பிடித்த தலை. சுண்டுவுக்குக் கண்ணே போடவில்லை, இரண்டு கோடு மட்டும், எல்லா நடிப்பும் மூக்கில். சிச்சாக்குக்கு மூன்று வால்: முழுசு, கழன்றது, முளைத்து வருவது. புதிதாக முளைக்கும் வால் பழையது மாதிரி இருக்காது, நிறமும் வழவழப்பும் மாறும், அதனால் வேறு நிற அட்டையில் வெட்டுங்கள்.

போனை மேலிருந்து நேர் கீழே பார்க்கிற மாதிரி கட்டுங்கள். இரண்டு நாற்காலி நடுவே பலகை, பலகையில் ஓட்டை, எங்களுக்கு அதுவே போதும். ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ என்ற ஆப்பின் இலவசப் பதிப்பே போதுமானது, முந்தைய படம் மங்கலாகத் தெரியும் வசதி அதில் இருக்கிறது. ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கை நிழல் பட்டதும் படம் படபடக்கும்.

சன்னலை மூடுங்கள். நாங்கள் முதல் நாள் வெயில் வெளிச்சமே போதும் என்று 140 படம் எடுத்தோம், ஓட்டிப் பார்த்தால் ஒரே காட்சியில் காலை வந்து மத்தியானம் வந்து மழை இருட்டும் வந்துவிட்டது. அடுத்த நாள் ஒரு கடையில் மலிவாக வாங்கிய எல்இடி விளக்கு, கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தது, கேமராவில் வரி வரியாக ஓடியது. வாங்கும் இடத்திலேயே போன் கேமராவை விளக்குக்கு நேராகக் காட்டிப் பாருங்கள், வரி தெரிந்தால் வாங்காதீர்கள். மூன்றாவது நாள் யாரோ மின்விசிறியைப் போட்டார்கள், சுண்டு பறந்து போய் அலமாரிக்குப் பின்னால் விழுந்தது. பினாங்கு வெயிலில் விசிறியில்லாமல் மூடிய அறையில் ஒன்பது பிள்ளைகள், கற்பனை செய்துகொள்ளுங்கள். இருபது நிமிடம் எடுப்பது, பத்து நிமிடம் கீழே போய்ச் சிராப் குடிப்பது, அப்படித்தான் ஓடியது.

தாளில் இல்லாமல் கணினியில் வரைய ஆசைப்படும் பெரிய பிள்ளைகளுக்கு கிரிட்டாவும் ஓப்பன்டூன்ஸும் இலவசம். ஓப்பன்டூன்ஸ் ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ பயன்படுத்திய மென்பொருளின் வழிவந்தது, 2016-இல் இலவசமாக்கினார்கள். கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும்.

படி 8: பாய்ச்சலுக்கு முன் பதுங்கல்

டிஸ்னியின் மூத்த அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் எழுதி வைத்த 12 விதிகள் உண்டு. அவற்றில் இந்த வகைப் படத்துக்கு உயிர் கொடுப்பது முன்னறிவிப்பு என்கிற ஒன்று. பூனை பாய்வதற்கு முன் பின்பக்கத்தை ஆட்டுமே, அதுதான். நிஜப் பூனையே விதியைப் படித்த மாதிரி செய்கிறது.

எங்கள் துரத்தல் கணக்கைச் சொல்கிறேன், இது நொடிக்கு 12 என்ற கணக்கு. பதுங்கிப் பின்பக்கம் ஆட்டுவது 16 படம். பாய்ச்சல் வெறும் 3 படம், அதில் நடுப்படத்தில் பூனையின் உடம்பை ரப்பர் மாதிரி இரண்டு மடங்கு நீளமாக வெட்டி வைத்தோம், ஓட்டத்தில் யாருக்கும் தெரியாது, வேகம் மட்டும் தெரியும். தூணில் மோதியதும் 6 படம் அசையாமல். அந்த அசையாமைதான் சிரிப்புக்குக் கொடுக்கிற நேரம். பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் நகர்த்துவார்கள், அப்படி நகர்த்தினால் பூனை பாய்வதும் பாட்டி நடப்பதும் ஒரே மாதிரி இருக்கும்.

சிச்சாக் கீழே பார்க்கும் அந்த நொடிக்கும் 12 படம் கொடுத்தோம், ஒன்றுமே நகரவில்லை, வால் நுனி மட்டும் ஒரே ஒரு தடவை.

படி 9: ஒலி

வில்லியம் ஹன்னா டாமின் அலறலைத் தன் சொந்தக் குரலில்தான் பதிவு செய்தார். உங்கள் தொண்டை போதும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தவுக்கேயின் அலறல் எங்கள் குழுவிலேயே ரொம்ப அமைதியான பையனுடையது, ஒரே டேக்.

மற்றதெல்லாம் தெருவில் கிடைக்கும். கடை மூடும் நேரத்தில் இரும்புக் கதவு இறங்கும் சத்தம், தகரக் கூரையில் மழை, தே தாரிக் ஆற்றும்போது வரும் சளசளப்பு (பால் ஊற்றும் காட்சிக்கு அதுதான் போட்டோம்), தூரத்தில் ஃபெர்ரி. சணல் அறுபடுவதற்கு முறுக்கைக் காதருகே கடித்தோம். பல்லி சத்தத்துக்கு மட்டும் நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தோம், யாருக்கும் சரியாக வரவில்லை. கடைசியில் ஒருத்தி தன் வீட்டுச் சமையலறையில் இரண்டு ராத்திரி போனை வைத்து நிஜப் பல்லியையே பிடித்து வந்தாள். ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளில் போட்டு வெட்டிக்கொண்டோம், அதுவும் இலவசம்தான்.

பாட்டு போட வேண்டும் என்பார்கள், சினிமாப் பாட்டைப் போட்டால் உரிமைச் சிக்கல் வரும். ஒரு பிள்ளை மிருதங்கம் கற்றுக்கொண்டிருந்தான், துரத்தல் முழுக்க அவன் வாசிப்புதான். பூனை வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு, பாய்ச்சலில் மௌனம், மோதலில் ஒரு தொம்.

படி 10: போட்டுக் காட்டுங்கள், அப்புறம் வெட்டுங்கள்

இணையத்தில் ஏற்றுவதற்கு முன் தெரிந்தவர்கள் பத்துப் பதினைந்து பேருக்குப் போட்டுக் காட்டுங்கள், நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். கண் விலகுகிற நொடியைக் குறித்துக்கொண்டு அங்கே வெட்டுங்கள். எங்களுக்கு 9 நொடி போனது, அதில் நான் ஆசையாக எடுத்த பூச்சரக் காட்சியும் சேர்த்தி. யூடியூபில் ஏற்றும்போது குழந்தைகளுக்கான படம் என்று குறிக்கச் சொல்லும், குறித்தால் கருத்துப் பகுதி அடைபட்டுவிடும், பரவாயில்லை. பிள்ளைகளின் முழுப் பெயரைப் படத்தின் பெயர்ப் பட்டியலில் போடாதீர்கள்.

கடைசிக் காட்சி சில வாரங்களுக்குப் பிறகு. சிச்சாக்குக்கு வேறு நிறத்தில் குட்டியாக ஒரு வால் முளைத்திருக்கிறது. சுண்டு பக்கத்தில் வந்து நின்று மோப்பம் பிடிக்கிறது, வாயைத் திறக்கிறது, மூடிக்கொள்கிறது. கவ்வவில்லை. சிச்சாக் கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் பின்னால் நகர்ந்து, தானே வாலைக் கொண்டுபோய் அதன் வாயில் வைக்கிறது. 36 ஃபிரேம் அப்படியே நிற்க விடுகிறோம், இருட்டாகிறது.

திரையிட்ட அன்று வேட்டித் திரைக்கு முன்னால் பிள்ளைகளின் வீட்டுப் பெரியவர்களும் இருந்தார்கள். படத்தில் பாட்டி வாசற்படியைத் தாண்டுகிறார், சிச்சாக் கத்துகிறது. முன்வரிசையில் இருந்த ஒரு ஆயா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, பிளாஸ்டிக் நாற்காலிக் கைப்பிடியை விரலால் மூன்று தடவை தட்டினார். ஏற்றுவதற்கு முன் அந்த ஒலியை மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தோம்.